நெறஞ்சிருக்கு என்று சொன்னால்

கார்த்தி,

நலம், நலமறிய அவா என்று ஆரம்பிக்க எனக்கே சிரிப்பு வருகிறது. நீ என் தலைக்கு மேலே மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறாய். நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது. மெஸ்ஸில் மத்தியானப் பந்தி முடிந்துவிட்டது. கொளஞ்சி அண்டாக்களைக் கழுவப் போட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போயிருக்கிறான். நான் கல்லா மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படியேறி வந்து வாயால் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். சொல்லலாம். ஆனால் நீ முகத்தைத் தொங்கப்போட்டால் எனக்குப் பாதியில் பேச்சு நின்றுவிடும். நான் குரலை உயர்த்தினால் நீ காதில் அந்தக் கறுப்புக் குமிழை மாட்டிக்கொள்வாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கூப்பிட்ட வேலைக்கு வரமுடியாது என்று பதில் எழுதி வைத்திருக்கிறாய். இன்னும் அனுப்பவில்லை, திங்கட்கிழமை அனுப்பப் போகிறாய். இதை நீ எனக்குச் சொல்லவில்லை, சுகன்யா சொன்னாள். கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே மாமியாரிடம் கோள் சொல்கிறாள் என்று அவளிடம் பாயாதே. அவளுக்குக் கோபம், அதனால் போன் பண்ணினாள். "அத்த, 'அம்மாவ தனியா உட்டுட்டு வரமுடியாது'ன்னு எழுதி வெச்சிருக்காரு. உங்கள ஒரு வார்த்த கேட்டாரா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நீ கேட்கவில்லையே! என் பெயரைப் போட்டு, என் மேல் பழியையும் போட்டு, எனக்கே தெரியாமல் ஒரு முடிவு. அந்தப் பதிலை அனுப்பாதே. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். மற்றபடி கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், உன் அம்மா என்றைக்கு நேராகப் பேசியிருக்கிறாள்?

உன்னைப் பெண் பார்க்க அழைத்துக்கொண்டு கடலூருக்குப் போனேனே, அங்கிருந்து தொடங்குகிறேன். கேசரி சாப்பிட்டு முடித்த கையோடு சம்பந்தி, "மாப்ள இன்னா வேல பாக்குறாரு?" என்றார். நான் பெருமையாக "கம்ப்யூட்டர்" என்றேன். "கம்ப்யூட்டர்லதாம்மா இப்ப எல்லாரும் இருக்காங்க. அதுல இன்னா?" என்றார். நீ சொல்லிக் கேட்ட ஒரே வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. "கிளவுடு" என்றேன். அந்த மனிதர் ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தார். "நான் துறைமுகத்துல ஐஸ் யாவாரம் பண்றேன். கேட்டா ஒரு கட்டிய ஒடச்சிக் கையில குடுத்துருவேன். மாப்ள இன்னாத்த எடுத்துக் காட்டுவாரு?" என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாய். சுகன்யா உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும் மானம் போன மாதிரி இருந்தது. பிள்ளை இத்தனை வருஷமாக என் வீட்டு மாடியில் உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

அதனால்தான் திரும்பி வருகிற பஸ்ஸில் உன்னை விடவில்லை. ஆலப்பாக்கம் வருவதற்குள் கிளவுடு என்றால் மேகமும் இல்லை, மாயமும் இல்லை என்று சொல்லிவிட்டாய். எங்கேயோ பெரிய கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிற கம்ப்யூட்டர்களைத் தேவைப்படுகிற நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பது. "சாமியானாவும் பாத்திரமும் வாடகைக்கு எடுக்குற மாதிரியா?" என்றேன். "அதேதாம்மா" என்றாய். அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. சரி, அதில் உன் வேலை என்ன? முன்பெல்லாம் ஒவ்வொரு மிஷினையும் ஒரு ஆள் உட்கார்ந்து தனித்தனியாகக் கேட்டு வாங்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று பார்க்க வேண்டுமாம். ஒருத்தன் தூக்கக் கலக்கத்தில் ஒரு கதவை மூட மறந்தால் போச்சு. இப்போது அதையெல்லாம் தானாகவே செய்ய ஒரு சாஃப்ட்வேர் தளம் இருக்கிறது, அதில்தான் நீ வேலை பார்க்கிறாய். அப்புறம் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எப்படிச் செய்யணும்னு எழுத மாட்டோம்மா. கடைசியில எப்படி இருக்கணும்னு மட்டும் எழுதுவோம். மிச்சத்த அதுவே பாத்துக்கும்."

அங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். கொளஞ்சியிடம் 'பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு ரெடியா இருக்கணும்' என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? பன்னிரண்டு மணிக்கு அவன் வந்து "அக்கா, இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்று கேட்பான். வெங்காயத்தை உரி, புளியைக் கரை, மீனைக் கழுவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 'இப்படி இருக்கணும்' என்றால் அப்படியே ஆக்கிக் கொடுக்கிற ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறான், அவனை என் பிள்ளை மேய்க்கிறான் என்றால் எனக்குப் பெருமையாக இருக்காதா? அந்த ஆளைக் கொஞ்ச நாளைக்கு மெஸ்ஸுக்கு அனுப்பேன் என்று கேட்டேன். பின் சீட்டுக்காரர் கூடச் சிரித்துவிட்டார்.

அந்தத் தளத்துக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பரங்கிப்பேட்டை ரோடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். எப்படி இருக்கணும் என்று நீங்கள் எழுதுகிற கோப்பு ஒன்று. இதுவரைக்கும் என்னென்ன கட்டி வைத்திருக்கிறோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்கிற இடம் ஒன்று, அதற்கு ஸ்டேட் என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'இதைப் புதிதாகச் சேர்ப்பேன், இதை மாற்றுவேன், இதை எடுத்துவிடுவேன்' என்று முன்கூட்டியே காட்டுமாம், அது பிளான். காட்டிவிட்டுச் சும்மா நிற்குமாம். ஒரு மனுஷன் பார்த்து 'யெஸ்' என்று அடித்தால்தான் கையை வைக்குமாம், அது அப்ளை. அந்தந்த மிஷினுக்குள் உட்கார்ந்து சொன்ன வேலையைச் செய்கிற குட்டி புரோகிராம்கள் தனி, அவற்றுக்கு ஏஜென்ட் என்று பெயர். எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், அவ்வளவு வேகமான யந்திரம் மனுஷன் வாயைப் பார்த்து நிற்கிறது என்பதுதான். நம் ஊரில் பெண் எடுக்கிறவர்கள் கூட அவ்வளவு பொறுமையாக நிற்க மாட்டார்கள்.

சாவிப்பெட்டி பற்றியும் சொன்னாய். பாஸ்வேர்டு எதையும் கோப்பில் எழுதக் கூடாது, அவற்றுக்கென்று பூட்டு போட்ட பெட்டி தனியாக உண்டு, கோப்பில் சாவியின் பெயர் மட்டும் இருக்கும் என்றாய். "நானும் ஸ்டோர் ரூம் சாவிய இடுப்புலதான் வெச்சிருக்கேன்" என்றேன். நீ தலையாட்டினாய், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தர்கிட்ட மட்டும் சாவி இருந்தா அது பாதுகாப்பு இல்லம்மா, ஆபத்து. ரெண்டு பேருக்காவது தெரியணும்" என்றாய். உங்கப்பா திடீரென்று போனபோது மோட்டார் ரூம் சாவி எங்கே என்று தெரியாமல் தண்ணீரில்லாமல் நான் நின்றது உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். இதை மட்டும் உன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள். உன் வீட்டில் சுகன்யாவுக்குத் தெரியாத சாவி ஒன்றும் இருக்கக் கூடாது. அவளிடமும் ஒரு சாவி இருக்கும், அதை நீ பிடுங்கப் பார்க்காதே.

உன் வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். நீ மாடியிலிருந்து போனில் பேசிக்கொண்டே இறங்கி வருகிறாய், "டெஸ்ட்ராய் பண்ணிடு. யோசிக்காத, மொத்தமா டெஸ்ட்ராய் பண்ணிடு" என்று. கையிலிருந்த கற்பூரத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "வெளக்கு வெச்ச நேரத்துல இன்னா பேச்சுடா இது? வாயக் கழுவு!" என்று கத்தினேன். நீ பயந்துபோய் போனை மூடினாய். "அம்மா, சோதிச்சுப் பாக்க வாடகைக்கு எடுத்த மிஷினும்மா. வேல முடிஞ்சிடுச்சு, திருப்பிக் குடுக்குறோம். அதுக்குப் பேரே டெஸ்ட்ராய்தான்" என்றாய். "திருப்பிக் குடுக்குறதுக்கு எதுக்குடா அழிக்கிறேன்னு சொல்ற? வெளக்கயே நாம அணைக்கிறேன்னு சொல்றதில்ல, மலையேத்துறோம்னுதான் சொல்றோம்" என்றேன். நீ தலையைச் சொறிந்துகொண்டு மாடிக்குப் போய்விட்டாய். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள், சென்னையில் இருக்கிற உன் கூட்டாளியிடம் "அந்த டெஸ்ட் செட்டப்ப மலையேத்திட்டியா?" என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. கொளஞ்சியிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

வார்த்தையென்றதும் அந்தப் பருப்புக் கதைக்கு வந்துவிட்டேன் பார். என் வேலை உனக்குப் புரியட்டும் அம்மா என்று சொல்லி, மெஸ்ஸுக்கு ஒரு குட்டித் தளம் கட்டிக் கொடுத்தாய். ஸ்டோரில் துவரம்பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, மாற்று சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்கணும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாய். கொளஞ்சி காலையில் போனை வாய்க்கு நேராகப் பிடித்து ஸ்டோரில் என்ன நிலவரம் என்று சொன்னால் போதும், எது குறைகிறதோ அதற்கு புவனகிரி மளிகைக்காரருக்குத் தானாகச் செய்தி போகும். கொளஞ்சிக்குத் தலைகால் புரியவில்லை. தலையை வாரிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டு, போனிடம் பேசினான். நீயும் மாடியில் உன் லேப்டாப் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை என்று சொல்லிவிட்டுப் போவாய். நான் இது நல்ல கூத்தாக இருக்கிறதே என்று ஸ்டோர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஆனித் திருமஞ்சனம் வந்தது. சிதம்பரத்தில் அன்றைக்குக் கால் வைக்க இடமிருக்காது, நம் மெஸ் வாசலில் ஜனம் தெரு வரைக்கும் நின்றது. கொளஞ்சி உள்ளேயிருந்து வந்து என் காதோரமாக, "அக்கா, தொவரம்பருப்பு நெறஞ்சிருக்கு" என்றான். எனக்குத் திக்கென்றது. உனக்குத் தெரியாததா, நம் அடுக்களைகளில் தீர்ந்துபோச்சு என்றோ இல்லை என்றோ வாயில் வரக் கூடாது. அரிசிப் பானை காலியானால் 'அரிசி நெறஞ்சிருக்கு' என்றுதான் சொல்வோம், சொல்கிற வாய்க்கு நல்லது நடக்கட்டும் என்று. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் "சாம்பார் நெறஞ்சிருக்கு" என்று கொளஞ்சி கத்தினால் உள்ளே அடுத்த வாளி தயாராகும். நான் மாடிக்கு ஆள் அனுப்பினேன். நீ சட்டையைக் கூட மாட்டாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "இல்லம்மா, பருப்பு நெறைய இருக்கு. பாரு, பச்சை!" என்றாய்.

"அதான் தம்பி நானும் சொல்றேன், நெறஞ்சிருக்கு" என்றான் கொளஞ்சி.

"அப்ப இருக்குல்ல மாமா?"

"எங்க இருக்குது? அதான் நெறஞ்சிருக்குன்னு தெனம் காலையில உன் போன்கிட்ட சொல்றனே! எண்ணெயும் நெறஞ்சிருக்கு, மொளகாத்தூளும் நெறஞ்சிருக்கு. நானும் பாக்குறேன், ஒண்ணையும் அனுப்ப மாட்டேங்குது. கல்நெஞ்சம் புடிச்ச மிஷினு!"

உன் முகம் போன போக்கை இன்னொரு தரம் பார்க்க எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். இந்தக் கல்லா மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளை, அந்த வார்த்தையை ஆயிரம் தரம் கேட்ட பிள்ளை, மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டாய். அன்றைக்குச் சாம்பாரே இல்லை. கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு வைத்தோம், காலைக்கும் கொத்சு, மத்தியானத்துக்கும் கொத்சு. சாமி பார்க்க வந்தவர்கள் 'இதாங்க சிதம்பரம் கொத்சு' என்று பாராட்டிச் சாப்பிட்டுப் போனார்கள். பந்தி முடிந்ததும் நீ தரையில் உட்கார்ந்து அதே கொத்சைச் சோற்றில் பிசைந்துகொண்டு, "என் வேலையில இருக்குற பெரிய வம்பே இதாம்மா" என்றாய். இருக்கு என்று தளம் நம்புவது ஒன்று, உண்மையில் இருப்பது இன்னொன்று. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதற்கு ட்ரிஃப்ட் என்று பெயர் சொன்னாய். எவ்வளவு பெரிய தளமாக இருந்தாலும் அவ்வப்போது இறங்கிப் போய் நேரில் பார்த்து, கேட்டு, சரி பண்ண வேண்டும் என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே, நெறஞ்சிருக்கு என்ற சொல் வந்தால் அடுத்த மூட்டையை அனுப்பு என்று மிஷினுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாய். இன்றைக்கு வரைக்கும் பருப்பு ஒழுங்காக வருகிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன் ராசா. நேரில் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்னவன், என் விஷயத்தில் ஏன் கேட்கவில்லை? 'அம்மா தனியாக இருக்கிறாள், தவித்துப்போவாள்' என்று உன் ஸ்டேட்டில் எழுதி வைத்திருக்கிறாய். அது எப்போது எழுதியது தெரியுமா? உங்கப்பா போன வருஷம் எழுதியது. அன்றைக்கு அது உண்மை. கீழே சத்தம் போட்டு அழுதால் நீ பயப்படுவாய் என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். அதற்கப்புறம் நீ இறங்கி வந்து பார்க்கவே இல்லையேடா. பழைய நிலவரத்தையே நம்பிக்கொண்டிருக்கிறாய். பிளானைக் காட்டாமல், யெஸ் கேட்காமல், அப்ளை பண்ணப் பார்த்தாய். உன் ஆபீசில் யாராவது இப்படிச் செய்தால் சும்மா விடுவாயா?

இன்றைய நிலவரத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். காலையில் இட்லிப் பானையைத் திறக்கும்போது வருகிற ஆவி முகத்தில் பட்டால் எனக்கு உடம்பில் ஒரு வியாதியும் இல்லாத மாதிரி இருக்கிறது. யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் "அம்மா, கொத்சு கொஞ்சம் ஜாஸ்தியா" என்று தட்டை நீட்டுகிறார்கள். அதில் வாயாடிகள் நாலைந்து பேர், அவர்களோடு மல்லுக்கட்டவே எனக்குப் பொழுது போதவில்லை. கிள்ளையிலிருந்து மீன் கொண்டுவருகிறவளோடு தினம் ஒரு சண்டை, அது இல்லாவிட்டால் அவளுக்கும் தூக்கம் வராது, எனக்கும் வராது. முழங்கால் வலிக்கிறதுதான். நீ இங்கே இருந்தாலும் அது வலிக்கும். இதை நான் உனக்காக விட்டுக்கொடுத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. தியாகம் பண்ணுகிற மூஞ்சியா இது? எனக்கு இந்த மெஸ் பிடித்திருக்கிறது, இந்த ஊர் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நீ கூப்பிட்டாலும் நான் ஜெர்மனிக்கு வரமாட்டேன், அங்கே கத்தரிக்காயைச் சுட்டால் போலீஸ் வந்துவிடும் என்று சுகன்யா சொல்கிறாள்.

உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். இத்தனை நாளும் மற்றவர்கள் கட்டிய தளத்தில் வேலை பார்த்தாய், இப்போது அந்தத் தளத்தையே கட்டுகிறவர்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நீ படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தாய். பத்தாங்கிளாஸ் பாஸான அன்றைக்கு அப்படி இறங்கி வந்தாய், அதற்கப்புறம் இப்போதுதான். என்னிடம் சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாய், உடனே சிரிப்பைக் குறைத்துக்கொண்டாய். என் முகத்தில் அப்படி என்ன பார்த்தாயோ தெரியவில்லை. சந்தோஷத்திலும் எனக்கு முகம் கோணும், அதற்குப் பெயர் தவிப்பு இல்லை.

ஆகையால் எப்படி இருக்கணும் என்று நானே எழுதித் தருகிறேன். கல்யாணம் கடலூரில் நடக்கணும், சம்பந்தி வீட்டு ஐஸில் ரோஸ்மில்க் போடணும். நீயும் சுகன்யாவும் ஜெர்மனியில் இருக்கணும், அவளும் அங்கே ஒரு வேலை பார்க்கணும், அவளைக் கேட்காமல் நீ எதையும் முடிவு பண்ணக் கூடாது. நான் சிதம்பரத்தில் இருக்கணும். மெஸ் திறந்திருக்கணும். கொளஞ்சி என்னைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கணும். இவ்வளவுதான் என் கோப்பு. எப்படிச் செய்வது என்பது உன் பாடு. பிளானைப் பார்த்தாயிற்று அல்லவா, கீழே இறங்கி வந்து யெஸ் என்று சொல். எழுதி வைத்திருக்கிற அந்தப் பதிலை மலையேற்றிவிடு.

வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன். நீ விமானம் ஏறிப்போன மறுநாள் நான் ஒரு டம்ளர் காபி கூடுதலாகப் போட்டுவிட்டு, மாடியைப் பார்த்து நிற்பேன். கொளஞ்சி வந்து அதை எடுத்துக் குடித்துவிடுவான். அப்புறம் நீ அங்கிருந்து கூப்பிட்டு, "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பாய். சௌக்கியமாக இருக்கிற நாளில் பிள்ளைகளைப் பற்றி, மீன்காரியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவேன். அந்த நாளெல்லாம் நீ நிம்மதியாக உன் வேலையைப் பார். ஆனால் என்றைக்காவது ஒரு நாள், வேறு ஒன்றும் சொல்லாமல், "வீடு நெறஞ்சிருக்குடா" என்று மட்டும் சொல்வேன்.

அந்த வார்த்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மிஷினுக்கே கற்றுக்கொடுத்தவன் நீ. அன்றைக்கு டிக்கெட் போட்டுவிடு.

அம்மா